வெளிர் பாதி, அடர் பாதி: துண்டுத் துணிகளில் ஒரு லாக் கேபின் போர்வை

ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கும் ஒருவரிடம் துண்டுத் துணி சேர்வதைத் தடுக்க முடியாது. மாணவர்கள் வெட்டி ஒதுக்கியவை, தைத்து மிஞ்சியவை, பொத்தான் கழன்ற சட்டைகள், ஓரம் நைந்த தலையணை உறைகள், யாரோ பை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை என்று அலமாரியின் கீழ்த்தட்டு எப்போதும் பிதுங்கிக்கொண்டே இருக்கும். புதிய வகுப்பு தொடங்கியபோது, கடையிலிருந்து ஒரு துணிகூட வாங்காமல் இந்தக் குவியலைக் கொண்டே ஒரு முழுக் கட்டில் போர்வை தைப்பது, அதே முறையில் மாணவர்கள் தங்கள் துண்டுகளைக் கொண்டு தங்களுடைய போர்வையைத் தைப்பது என்று திட்டமிட்டோம். தேர்ந்தெடுத்தது லாக் கேபின் என்னும் பழைய கட்டம். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி நீளப் பட்டைகள், ஒரு மூலைவிட்டத்தின் இப்பக்கம் முழுவதும் வெளிர் துணிகள், அப்பக்கம் முழுவதும் அடர் துணிகள். வண்ணத் துண்டுகளின் மேல் ஆசை கொண்டவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் கருத்து. பார்ப்பவர்கள் நிறத்தைத்தான் பாராட்டுவார்கள், ஆனால் போர்வையைப் போர்வையாகக் காட்டுவது வெளிருக்கும் அடருக்கும் உள்ள தூரமே என்பதை இந்தக் கட்டம் விரலைப் பிடித்துக் காட்டிவிடும்.

குவியலிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் முதல் வேலை. பருத்தியோடு பருத்தி சேர வேண்டும். பின்னலாடைத் துணி இழுபடும், வழுவழுப்பான செயற்கை இழைத் துணி இஸ்திரிச் சூட்டில் சுருளும், கனத்த ஜீன்ஸ் துணி ஓர் அங்குலப் பட்டையில் மடிந்து உட்காராது. கலப்புத் துணியா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி, காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கடினமான சிறு மணியாகத் திரண்டு நிற்கும். பழைய சட்டைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதும் கட்டாயம். தோள், முழங்கை, கழுத்துப் பட்டி ஆகிய இடங்களில் நெசவு மெலிந்து ஒளி ஊடுருவும், அவற்றை வெட்டி நீக்கிவிட வேண்டும். முதுகுப் பகுதியும் முன்பக்கத்தின் கீழ்ப்பாதியும் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். ஒரு முழுக்கைச் சட்டையைத் தையல் பிரிக்காமல், தையலுக்கு உள்பக்கமாகவே வெட்டி எடுப்பது விரைவு. பிரித்து மீட்கும் அரை அங்குலத்துக்கு அத்தனை நேரம் செலவழிப்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை.

சாயம் போகுமா என்ற சோதனையை எந்தத் துணிக்கும் தள்ளுபடி செய்யக் கூடாது. அடர்சிவப்பும் அடர்நீலமும் கூடுதலாகச் சந்தேகிக்கப்பட வேண்டியவை. துண்டின் ஓரத்தை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். கறை இறங்கும் துண்டுகளைத் தனியாக அலசி, மீண்டும் சோதித்து, அதற்குப் பிறகும் அடங்காதவற்றை ஒதுக்கிவிட்டோம். சிறு துண்டுகளை அப்படியே இயந்திரத்தில் போட்டுத் துவைத்தால் ஓரங்கள் பிசிறடித்து, நூலெல்லாம் ஒன்றோடொன்று சிக்கிப் பெரிய உருண்டையாக வெளியே வரும். வலைப் பையில் கட்டிப் போட்டாலோ, வாளியில் ஊறவைத்துக் கையால் அலசினாலோ இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பிரித்தல். இங்கேதான் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சிறு வாக்குவாதம் நடக்கும். துணிக் குவியலை மேசையில் கொட்டினால் எல்லாருடைய கையும் தானாகவே நிறவாரியாக அடுக்கத் தொடங்கும். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். பார்க்க அழகாக இருக்கும், லாக் கேபினுக்கு உதவாது. ஆகவே மூன்று பெட்டிகளை வைத்து, வெளிர், இடை, அடர் என்று எழுதி ஒட்டி, நிறத்தை மறந்துவிட்டுத் துணிகளைப் போடச் சொன்னேன். வெள்ளைத் தரையில் சிறு பூ, மங்கிய மஞ்சள், சாம்பல் கோடு போட்ட சட்டைத் துணி எல்லாம் ஒரே பெட்டிக்குப் போக வேண்டும். கரும்பச்சை, கத்தரிப்பூ நிறம், காப்பிக்கொட்டை நிறம், அடர்நீலக் கட்டம் போட்ட துணி எல்லாம் இன்னொன்றுக்கு. கண் ஏமாறும் இடம் பளிச்சென்ற நிறங்களில்தான். கொழுந்துவிட்டு எரிவது போன்ற ஆரஞ்சு நிறத்தை அடர் என்று நினைத்து அந்தப் பெட்டியில் போடுவார்கள். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் அது இடைச் சாம்பலாகத் தெரியும், சில ஆரஞ்சுகள் வெளிருக்கே அருகில் போய் நிற்கும். முன்பெல்லாம் சிவப்புக் கண்ணாடித் தாள் வழியாகப் பார்க்கச் சொல்வார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்புத் தாள் வழியாகப் பார்க்கும்போது சிவப்புத் துணிகள் எல்லாம் வெளிர்போலத் தோன்றும், நம் குவியலிலோ சிவப்புதான் அதிகம். படம் எடுக்க விருப்பமில்லாதவர்கள் பத்தடி தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் போதும்.

இடைப் பெட்டிதான் எப்போதும் நிரம்பி வழிகிறது. ஆடைக்காக நாம் தேர்ந்தெடுக்கும் துணிகள் பெரும்பாலும் இடை நிறத்தில் இருப்பதே அதற்குக் காரணம். இடைத் துணி தன்னளவில் வெளிரும் அல்ல, அடரும் அல்ல, பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பொறுத்தே அதன் நிலை. மங்கிய நீலத் துண்டு ஒன்றைக் கரும்பழுப்பின் அருகே வைத்தேன், வெளிராக மிதந்தது. அதே துண்டை வெள்ளைத் துணியின் நடுவே வைத்தபோது அடராக அமிழ்ந்தது. பாரிஸின் கோபலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரூல் இதைத்தான் எதிர்கொண்டார். கறுப்பு நூலின் சாயத்தில் வலு இல்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தவர், சாயத்தில் குறையில்லை, அருகில் நெய்யப்பட்ட நிறங்களே கறுப்பை மங்கச் செய்கின்றன என்று கண்டறிந்து, அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839இல் வெளியிட்டார். அவருக்கு நூல், நமக்குத் துண்டுத் துணி. இதை வகுப்பில் சொல்லிவிட்டு, இடைப் பெட்டியிலிருந்து எந்தத் துணியை எந்தப் பக்கம் சேர்த்தாலும் சரி, ஆனால் ஒரே கட்டத்தில் அதன் எதிர்ப் பக்கத்துக்கு அதைவிடத் தெளிவாக விலகி நிற்கும் துணிகளைத்தான் தேட வேண்டும் என்று ஒரே ஒரு கட்டுப்பாட்டை மட்டும் வைத்தேன்.

துணியின் பின்பக்கத்தையும் மறக்கக் கூடாது. அச்சிட்ட துணியைத் திருப்பிப் போட்டால் அதே வடிவம் நிறம் குறைந்து தெரியும். வெளிர்த் துணி பற்றாமல் போகும் வீடுகளில் இந்த ஒரு தந்திரமே பெட்டியைப் பாதி நிரப்பிவிடும். பெரிய பூப் போட்ட துணிகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கை அகலப் பூவை ஓர் அங்குலப் பட்டையாக நறுக்கும்போது, ஒரு முனையில் வெள்ளைத் தரையும் மறுமுனையில் கருஞ்சிவப்பு இதழுமாக வந்து, பட்டை தன் பாதியில் கட்சி மாறிவிடும்.

வெட்டும் அளவுகளுக்கு வருகிறேன். நடுச் சதுரத்தை இரண்டரை அங்குலமாகவும் பட்டைகளை ஒன்றரை அங்குல அகலமாகவும் வெட்டினோம். தைத்த பிறகு சதுரம் 2 அங்குலமும் பட்டை 1 அங்குலமும் நிற்கும். நான்கு சுற்று முடிந்ததும் கட்டம் 10 அங்குலம், தையல் விளிம்போடு சேர்த்தால் 10.5 அங்குலம். வெளிர்ப் பட்டைகளின் நீளம் சுற்றுவாரியாக 2.5, 3.5; 4.5, 5.5; 6.5, 7.5; 8.5, 9.5. அடர்ப் பட்டைகள் 3.5, 4.5; 5.5, 6.5; 7.5, 8.5; 9.5, 10.5. கூட்டிப் பார்த்தால் ஒரு கட்டத்துக்கு வெளிரில் 48 அங்குல நீளமும் அடரில் 56 அங்குல நீளமும் வேண்டும். அகலத்தில் 6, உயரத்தில் 8 என 48 கட்டங்கள் சேர்ந்தால் 60 அங்குலத்துக்கு 80 அங்குலப் போர்வை. மொத்தத்தில் 768 பட்டைகள். இத்தனை பட்டைகள் என்று கேட்டதும் புதியவர்கள் பின்வாங்குவார்கள். ஆனால் துண்டுத் துணிக்காரர்களுக்கு இந்த எண்ணிக்கை ஒரு வரம், ஏனென்றால் இரண்டரை அங்குலமே உள்ள துணுக்குக்கும் இதில் ஓர் இடம் உண்டு.

துண்டுகளை வெட்டுமுன் கஞ்சி தெளித்து இஸ்திரி போடுவதை நான் வலியுறுத்துவேன். பல வீடுகளிலிருந்து, பல வயதில் வந்த துணிகள் இவை. ஒன்று தளர்ந்திருக்கும், இன்னொன்று விறைப்பாக இருக்கும், கஞ்சிதான் அவற்றை ஒரே நடத்தைக்குக் கொண்டுவருகிறது. பட்டையின் நீளம் நெசவின் நேர்வாட்டத்திலோ குறுக்குவாட்டத்திலோ இருக்கலாம். க்ராஸாக, அதாவது நெசவுக்கு மூலைவாட்டாக, வெட்டினால் மட்டும் தைக்கும்போது இழுபட்டு, கட்டத்தின் ஓரம் அலை அலையாக எழும்பும். நேரான ஓரம் இல்லாத துண்டில் ஓர் இழையை உருவிப் பார்த்தால் நெசவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது கோடு போட்டதுபோல் தெரியும். அந்தக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்து ரோட்டரி கட்டர் என்னும் வட்ட அலகுக் கத்தியை உருட்டினால் போதும். அலகு மழுங்கினால் இழைகள் ஆங்காங்கே வெட்டுப்படாமல் நிற்கும், கை தானாக அழுத்தத்தைக் கூட்டும், அளவுகோல் நழுவும். விரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பதால், அலகை மாற்றுவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த துணுக்குகள் தனிப் பெட்டிக்குப் போயின. அவற்றைத் தாளின் மேல் வைத்துத் தைக்கும் வேலை வேறொரு பருவத்துக்கு.

தைக்க உட்கார்வதற்கு முன் எல்லாரும் ஒரு சோதனை செய்தாக வேண்டும். ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை அடுத்தடுத்து இணைத்து, தையலை ஒருபக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். மொத்த அகலம் 3.5 அங்குலமும் நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் இருந்தால் கால் அங்குலத் தையல் கைவந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் குறைவாகத்தான் வரும். துணி மடிந்து திரும்பும் இடத்தில் ஓர் இழையளவு இடம் போய்விடுகிறது, ஆகவே கோட்டின் மேல் தைக்காமல் கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே, அதாவது வெட்டிய ஓரத்தை நோக்கித் தள்ளித் தைக்க வேண்டும். ஊசியிலிருந்து சரியான தூரத்தை அளந்து, இயந்திரத்தின் தட்டில் தடித்த ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிட்டால் துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போகும், கண்ணுக்கு வேலை குறையும்.

இந்த வகுப்பில் ஆடைத் தையலில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கை வேகம் எனக்கு வராது. ஆனால் கால் அங்குலம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. “இவ்வளவு குறைத்துத் தையல் போட்டால் பிரிந்துபோகாதா, டீச்சர்? நாங்கள் அரை அங்குலத்துக்குக் குறைத்ததே இல்லை” என்றார். “சட்டையில் உடம்பு அசையும்போதெல்லாம் தையல் இழுபடும், ஐயா. இங்கே மேல்பக்கம், பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்துவிடுவதால் ஒரு தையல் மட்டும் தனியாக இழுபடாது. அதோடு நூல்தையலை 2 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கிவிட்டால் முனைகளில் முடிச்சுப் போடவும் தேவையில்லை” என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தைத்த மாதிரியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த பிறகுதான் ஊசியை மாற்றப் போனார். அவர் வழக்கமாகப் போடும் தடித்த ஊசிக்குப் பதில் 80/12 ஊசி, 50 எண் பருத்தி நூல். தையல் மெலிந்திருந்தால்தான் மடிப்பு தட்டையாக அமரும்.

பட்டைகளை முன்கூட்டியே நீளத்துக்கு வெட்டி வைப்பதா, நீளமான பட்டையை அப்படியே தைத்துவிட்டு மிச்சத்தை நறுக்குவதா என்பதில் தைப்பவர்கள் இரு அணியாக நிற்பார்கள். இரண்டாவது வழி வேகமானது, மறுக்கவில்லை. கற்றுக்கொள்பவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் விதிக்கிறேன். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணிகளும் 1/32 அங்குலம் கூடுதலாக உள்ளே போனால், தையலுக்கு 1/16 அங்குலம் குறையும். கட்டத்தின் குறுக்கே எட்டுத் தையல்கள் இருப்பதால், முடிவில் அரை அங்குலம் காணாமல் போயிருக்கும். பட்டை சரியான நீளத்தில் வெட்டப்பட்டிருந்தால், இரண்டாவது சுற்றிலேயே அது ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்று தவற்றைச் சொல்லிவிடும். நறுக்கிக்கொண்டே போகும் முறையில், விளிம்போடு 10.5 அங்குலம் இருக்க வேண்டிய கட்டம் 10 அங்குலமாகச் சுருங்கியிருப்பது எல்லாவற்றையும் இணைக்கும் நாளில்தான் தெரியவரும்.

நடுச் சதுரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே துணி, கடுகு மஞ்சள். துண்டுகள் எவ்வளவு கலந்துகட்டியாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு, மாறாமல் திரும்பத் திரும்ப வரும் ஒன்று தேவைப்படுகிறது. பழைய போர்வைகளில் சிவப்பு நடு அதிகம் காணப்படும், எங்கள் அடர்ப் பெட்டியில் சிவப்பு மிகுதியாக இருந்ததால் அது தனித்து நிற்காது என்று மஞ்சளுக்குப் போனோம்.

தைப்பது சங்கிலித் தையல் முறையில். ஒரு சதுரத்தோடு முதல் பட்டையைத் தைத்ததும் நூலை அறுக்காமல் அடுத்த சதுரத்தை ஊசிக்கடியில் விட வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிசையாக வந்ததும் கத்தரித்து இஸ்திரி மேசைக்குக் கொண்டுபோகலாம். இஸ்திரியில் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தையல் விளிம்பு எப்போதும் புதிய பட்டையின் பக்கம், அதாவது மையத்திலிருந்து வெளியே சாயட்டும். வெளிர்ப் பட்டைக்கு அடியில் அடர்ப் பட்டையின் விளிம்பு போய்ச் சேரும் இடங்களில் நிழல் தெரியுமா என்று பார்த்து, தெரிந்தால் அடர்ப் பக்க விளிம்பை ஓர் இழை குறைத்து நறுக்கிவிட்டால் போதும்.

ஒரு கட்டத்தை மட்டும் அருகில் வைத்துச் சொல்கிறேன். மஞ்சள் சதுரத்தை ஒட்டி முதல் வெளிர்ப் பட்டை, பென்சில் கோடுபோல் மெல்லிய சாம்பல் வரி ஓடும் சட்டைத் துணி. அடுத்தது வெள்ளைத் தரையில் கடுகளவு ஊதாப் புள்ளி. அடர்ப் பக்கத்தில் முதலில் கரும்பச்சை, பிறகு துவைத்துத் துவைத்து மங்கியும் மங்காமலும் நின்ற அடர்நீலக் கட்டம் போட்ட துணி. இரண்டாவது சுற்றில் வெளிருக்குப் பின்பக்கம் திருப்பிய ரோஜாப்பூத் துணி, அதன் அருகே சந்தன நிறம். அடருக்குக் கத்தரிப்பூ நிறமும், சிவப்பில் கறுப்பு இலை போட்ட ஒரு துணியும். இவற்றில் எதையும் எதனோடும் பொருத்தம் பார்த்து எடுக்கவில்லை. அடர்ப் பை ஒன்று, வெளிர்ப் பை ஒன்று வைத்துக்கொண்டு, நீளம் சரியாக இருக்கும் பட்டைகளிலிருந்து பார்க்காமல் ஒன்றை உருவுவதுதான் முறை. ஒரே துணி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பொருத்தம் பார்க்கத் தொடங்கினால் வேலை நின்றுவிடும். அதைவிட, எல்லாரும் பழகிய நான்கு நிறங்களுக்குள்ளேயே சுற்றி வருவார்கள். பிடிக்காத துணி என்று ஒதுக்கி வைத்திருந்த பாசிப்பச்சைப் புள்ளித் துணி ஒன்று, அந்தக் கட்டத்தின் கடைசிச் சுற்றில் போய் அமர்ந்ததும், பக்கத்திலிருந்த சிவப்பு முன்னைவிடச் சூடாகத் தெரிந்தது. அழகில்லாத துணி என்று நாம் தள்ளுபவை பெரும்பாலும் அகலம் அதிகமாகக் கிடைத்துவிட்ட துணிகளே. ஓர் அங்குலத்துக்குக் குறைத்தால் எதுவும் சகித்துக்கொள்ளக்கூடியதே.

பொருத்தம் பாராமல் கையில் கிடைத்ததைக் கொண்டு துணிந்து தைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்களை நான் தவறாமல் குறிப்பிடுவேன். வயல் வேலைக்கு உடுத்தி நைந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் பட்டை பட்டையாக வெட்டி அவர்கள் தைத்த போர்வைகள், 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அவற்றின் படங்கள் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் வந்தன. அவற்றில் முழங்கால் பட்ட இடம் மட்டும் வெளுத்தும், பை தைத்திருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாகவும் நிற்பதைப் படத்தில் பெரிதாக்கிக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகு ஒரு மாணவி, தன் பழைய சட்டையில் பொத்தான் பட்டியை ஒட்டி மங்காமல் இருந்த பகுதியையும் மங்கிய பகுதியையும் வேண்டுமென்றே இரண்டு பக்கத்துக்கும் பிரித்து வெட்டிக்கொண்டார். ஒரே துணி, ஒரு பட்டை வெளிர்ப் பக்கத்தில், ஒரு பட்டை அடர்ப் பக்கத்தில். நல்ல கண்.

கட்டங்கள் தயாரானதும் தரையில் பரப்பினோம். லாக் கேபின் கட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாலே புதுப் புது வடிவம் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் வெளிரும் அடருமாகச் சாய்வு வரிகள் ஓடும். நான்கு நான்காக, வெளிர்ப் பக்கங்கள் கூடும்படி வைத்தால் வெளிர்ச் சாய்சதுரங்கள் மின்னும். போர்வையின் நடுவிலிருந்து சாய்சதுர வளையங்கள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரியும் அமைப்பைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். நீளத்திலும் அகலத்திலும் கட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இது நடுவில் சரியாகக் கூடும். நாற்காலியில் ஏறி நின்று கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தபோது, ஒரு வளையம் இடது பக்கத்தில் அறுந்து கிடந்தது. காரணமான கட்டத்தில் வெளிர்ப் பக்கத்துக்கு இடைத் துணிகளும், அடர்ப் பக்கத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு இடைத் துணிகளும் விழுந்திருந்தன. தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் வண்ணமயமான கட்டம் அதுதான். அதைப் பிரிக்கத் தேவையில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, கண் அதிகம் தேடாத மூலைக்கு மாற்றியதும் வளையம் கூடிக்கொண்டது. இப்படி ஓரிரண்டு மங்கல் கட்டங்கள் இருப்பது போர்வைக்கு நல்லது என்றுகூட நினைக்கிறேன், எல்லா இடத்திலும் வெளிரும் அடரும் ஒரே அளவில் முட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் கண் களைத்துவிடும்.

வரிசைகளை இணைக்கும்போது ஒரு வரிசையின் தையல் விளிம்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையினுடையவற்றை வலப்பக்கமும் சாய்த்தால், சந்திப்புகளில் இரு மேடும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு மூலைகள் பிசகாமல் கூடும்.

அடித்துணியை நான்கு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக, 68 அங்குலத்துக்கு 88 அங்குலமாக வெட்டினேன். அதன் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கம் இல்லாமல், ஆனால் இழுத்து நீட்டாமல், ஓரங்களை நாடாவால் தரையில் ஒட்டி, மேலே பருத்திப் பஞ்சு விரிப்பு, அதன் மேல் தைத்த மேல்பக்கம். மூன்றையும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்திப் பிணைக்க வேண்டும். ஊக்குக்குப் பதில் நூலோட்டம் போடுபவர்களும் உண்டு. கையால் குவில்ட் செய்வதானால், அதாவது மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் தைப்பதானால், அதுவே மேல், துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையச் சட்டத்தில் மாட்டும்போது ஊக்கு இடிக்காது. இந்தப் போர்வைக்குக் கைத்தையலை நான் யோசிக்கவில்லை. ஓர் அங்குலத்துக்கு ஒரு தையல் மேடு வரும் இடத்தில் சிறிய ஊசியைப் பல அடுக்குகளுக்குள் செலுத்துவது விரலுறை போட்ட விரலுக்கும் தண்டனை.

இயந்திரத்தில் நடைப்பாதம் என்னும் வாக்கிங் ஃபுட் மாட்டினால் மேல்துணியும் அடித்துணியும் ஒரே வேகத்தில் நகரும், சாதாரணப் பாதத்தில் மேலடுக்கு பின்தங்கி மடிப்பு விழும். நூல்தையலை 3 மில்லிமீட்டருக்கு நீட்டி, ஊசியை 90/14க்கு மாற்றி, நடுவிலிருந்து வெளிநோக்கி, சாய்சதுர வளையங்களுக்கு இணையாகச் சாய்வுக் கோடுகள் போட்டேன். கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு திரண்டு ஒதுங்கிவிடும். என்னுடையதில் கோடுகள் சுமார் இரண்டரை அங்குல இடைவெளியில் உள்ளன. நூல் நிறம் நடுச் சாம்பல். பல நிறங்களுக்குக் குறுக்கே ஒரே நூல் போக வேண்டியிருக்கும்போது சாம்பல்தான் எல்லாவற்றிலும் கரையும். வெள்ளை நூல் அடர்த் துணியில் பல் இளிக்கும்.

ஓரப் பட்டியையும் துண்டுகளிலிருந்தே எடுத்தோம். போர்வையின் சுற்றளவு 280 அங்குலம், மூலை மடிப்புக்கும் முடிவில் இணைப்பதற்கும் சேர்த்து 292 அங்குலம் தயார் செய்தேன். இரண்டரை அங்குல அகலமுள்ள அடர்த் துண்டுகளை 45 பாகைச் சாய்வில் ஒன்றோடொன்று இணைத்தால் தையல் மேடு ஒரே இடத்தில் குவியாது. நீளவாக்கில் இரண்டாக மடித்து முன்பக்கம் இயந்திரத்தில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். இந்தக் கைவேலையை வகுப்பு நேரத்தில்தான் வைத்துக்கொள்கிறேன். கையில் ஊசி ஓடிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் தயங்காமல் எழுந்து வந்து தங்கள் கட்டத்தைக் காட்டுவார்கள், நான் மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தால் வருவதில்லை. பட்டியின் இணைப்பு எதுவும் மூலையில் விழாமல் முன்னதாகவே போர்வையைச் சுற்றி வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

முதல் துவைப்பில் எங்கள் சோதனையைத் தாண்டி வந்த ஒரு சிவப்புத் துணி தன் வேலையைக் காட்டியது. ஈரத்தில் எடுத்தபோது அதன் பக்கத்து வெளிர்ப் பட்டையில் இளஞ்சிவப்புப் படலம் ஒன்று படர்ந்திருந்தது. இந்த நிலையில் போர்வையைக் காயப்போட்டால் கறை நிலைத்துவிடும். ஈரமாக இருக்கும்போதே தாராளமான வெந்நீரில் சோப்புத்தூளைக் கரைத்து, போர்வை முழுவதும் அமிழும்படி இரவெல்லாம் ஊறவைத்து, நீர் நிறம் மாறியதும் கொட்டிவிட்டு மீண்டும் அதையே செய்ய வேண்டும். வெளியேறிய சாயம் நீரில் மிதந்துகொண்டே இருக்க இடம் இருந்தால் அது மறுபடி துணியில் ஒட்டாது, அதனால்தான் நீரில் கஞ்சத்தனம் கூடாது. கடைசி நீர் தெளிவாக வந்த பிறகு தட்டையாக விரித்துக் காயவைத்தேன். பருத்திப் பஞ்சு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும் என்பதால் 60 அங்குல அகலம் இப்போது 58க்குச் சற்று மேல் நிற்கிறது, தையல் கோடுகளை ஒட்டி மேல்பக்கம் எங்கும் சிறு சுருக்கங்கள் எழுந்திருக்கின்றன, 768 பட்டைகளில் எங்காவது ஓரிழை பிசகியிருந்தாலும் அந்தச் சுருக்கத்துக்குள் தேடிப் பிடிக்க முடியாது.